டிஞ்சர் கிடைக்காதபோது நேரும் தவறுகள்

தாராவி தொண்ணூறடிச் சாலையில் ஒரு மருந்துக் கடையில் ‘டிஞ்சர்’ என்று கேட்டால், இப்போதெல்லாம் பெரும்பாலும் பொவிடோன் அயோடின் குப்பிதான் கைக்கு வருகிறது. அப்படி வாங்கி வந்த குப்பியைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அரிவாள்மணை கீறிய விரலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, “எரியவே இல்லையே, இது என்னல மருந்து?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய மருந்தைத் தேடி அலைபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு இந்தக் கேள்விதான் வேர்.

எரிச்சலை வைத்து மருந்தின் வீரியத்தை அளக்க முடியாது. டிஞ்சர் அயோடின் என்பது சுமார் 2 சதவீத அயோடினைப் பொட்டாசியம் அயோடைடுடன் ஆல்கஹாலில் கரைத்தது. சுரீரென்று எரிவதில் பெரும்பங்கு அந்த ஆல்கஹாலுடையது, அது புண்ணில் புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே புண்படுத்தும். 1950களில் அமெரிக்காவில் உருவான பொவிடோன் அயோடினில், அயோடின் ஒரு பாலிமரோடு பிணைந்து நின்று சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. லேபிளில் காணும் 10 சதவீதம் அந்தப் பிணைந்த பொருளின் அளவு. பயன்படும் அயோடின் சுமார் 1 சதவீதமே. எனவே டிஞ்சர் இரண்டு, இது பத்து, ஐந்து மடங்கு வலு என்று கணக்குப் போட்டுத் தண்ணீர் கலப்பது தவறு.

‘அரசாங்கம் தடை செய்துவிட்டது’ என்ற பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்ச அயோடின் பயன்பட்டதால், அமெரிக்காவில் 2007 முதல் 2.2 சதவீதத்துக்கு மேற்பட்ட கரைசல்கள் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அந்தச் செய்தி இங்கே வந்து சேரும்போது நம் ஊர்ச் சட்டமாகிவிட்டது. நம் நாட்டிலோ, ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் உரிமம் இல்லாத கடையும் விற்கலாம் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணை அனுமதித்த வீட்டு மருந்துகளில் டிஞ்சர் அயோடினும் ஒன்று. மருத்துவர்கள் எழுதுவது குறைந்தது, கேட்பவர்கள் குறைந்தார்கள், கடைக்காரர் வைப்பதை விட்டார். நான் பார்த்தவரை கதை அவ்வளவுதான்.

இனிமேல் கிடைக்காது என்று பழைய குப்பியைப் பொத்திப் பொத்தி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெரியம்மாவின் குப்பியில் மூடித் திருகு பழுப்பேறியிருந்தது, லேபிளில் தேதி இருந்த இடம் கறையில் மறைந்திருந்தது, அடியில் இரண்டு விரற்கடை கருஞ்சிவப்புத் திரவம் கிடந்தது. மூடி இறுகாத குப்பியில் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே போவதால், மிஞ்சும் திரவத்தில் அயோடினின் செறிவு ஏறிவிடுகிறது. அதைத் தம்பியின் குதிகாலில் தடவி, மேலே இறுக்கிக் கட்டும் போட்டார். மறுநாள் பிரித்தால், செருப்புக் கடித்த சிறு புண்ணைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். டிஞ்சர் தடவிய இடத்தை மூடிக் கட்டாமல் காற்றாட விட வேண்டும்.

மும்பை பிரின்சஸ் ஸ்ட்ரீட் மருந்து மொத்தக் கடைகளில் கிடைக்காத மருந்தா என்று சிலர் ரயிலேறிவிடுகிறார்கள். அயோடின் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், 5 சதவீத அயோடின் உள்ள லூகால் கரைசலோ, ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குச் சாயமேற்ற உதவும் ‘கிராம் அயோடின்’ என்ற நீர்த்த கரைசலோ கைக்கு வரக்கூடும். இரண்டும் வெட்டுக்காயத்துக்கானவை அல்ல. அயோடின் படிகத்தை வாங்கித் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் தாமே கரைப்பவர்களுக்கு, அந்த ஸ்பிரிட்டில் மெத்தனால் என்னும் நஞ்சு இருக்கலாம் என்பது தெரிவதில்லை.

பொவிடோனிலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ‘ஸ்க்ரப்’ என்று அச்சிட்டது அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவுவதற்கு. அதில் சோப்புத் தன்மையுள்ள பொருள் கலந்திருப்பதால் திறந்த புண்ணில் ஊற்றக்கூடாது. வாய் கொப்பளிப்பதற்கு உள்ளது வேறு. காயத்துக்கு ‘சொல்யூஷன்’ அல்லது ‘ஆயின்மென்ட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். தைராய்டு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். பச்சிளங்குழந்தையின் தொப்புளில் இதைத் தடவினால், அயோடின் உடலுக்குள் ஏறித் தைராய்டு சுரப்பியை மந்தப்படுத்தக்கூடும்.

பழைய மருந்துப் பெட்டியில் மெர்குரோகுரோம் என்ற சிவப்பு மருந்து மிச்சமிருந்தால், அதில் பாதரசம் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதன்மேல் அயோடினைத் தடவினால் தோலை அரிக்கும் பாதரச அயோடைடு உருவாகலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கிளிசரினையும் ஒரே டப்பாவில் வைப்பவர்கள் உடனே பிரித்து வைக்கட்டும்: இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

மருந்து எதுவானாலும், புண்ணைக் கழுவாமல் அதன்மேல் பூசுவதில் பயனில்லை. நாய்க்கடியில் இந்தத் தவறு உயிரையே வாங்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அதற்குப் பிறகே பொவிடோன் விட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

கஞ்சி போட்ட வேட்டியில் பொவிடோன் சிந்தினால் கறை கருநீலமாக மாறும். மருந்து கெட்டுவிட்டது என்று பயந்து குப்பியைக் குப்பையில் போட வேண்டாம். கஞ்சியின் மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்த நிறம் அது, எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போய்விடும்.