தொழிலாளி வேட்பாளரின் தேர்தல் அறிக்கை: சென்னைத் தொகுதிக்கு எழுதும் முறை

சட்டமன்றத் தேர்தலில் நிற்பதென்றால், வேட்புமனுத் தாக்கலுக்கு மூன்று மாதம் முன்பே அறிக்கை வேலையைத் தொடங்கிவிடுங்கள். மனுத் தாக்கல் ஆரம்பித்த பிறகு நேரம் கிடைக்காது. வேட்புமனுவுக்குப் படிவம் 2பி, பிரமாணப் பத்திரத்துக்குப் படிவம் 26, டெபாசிட் 10,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000), தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும். சுயேச்சையாக நிற்பவருக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும்.

பெரிய கட்சிகளைப் பார்த்து நூற்றுக்கணக்கில் வாக்குறுதிகளை அடுக்காதீர்கள். ஆறு கோரிக்கை போதும். ஒவ்வொன்றும் யார் கையெழுத்துப் போட்டால் நடக்கும் என்று வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருமுனையில் நிறுத்தி, "இதெல்லாம் எப்படிச் செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டால் அந்த இடத்திலேயே பதில் வர வேண்டும்.

கோரிக்கையைச் சேகரிக்க, ஆட்கள் இருக்கும் நேரத்தில் இருக்கும் இடத்துக்குப் போங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியுமுன் போக வேண்டும். தூய்மைப் பணியாளர்களை வருகைப்பதிவு எடுக்கும் இடத்திலும், கட்டட வேலைக்காரர்களைக் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியிலும் பார்க்கலாம். ஆயத்த ஆடைக் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதிலும் மதியத்துக்கு மேல்தான். "உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்டால் தண்ணீர், ரோடு என்ற பொதுவான பதில்தான் வரும். "போன மாசச் சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்க? சீட்டு குடுத்தாங்களா?" என்று கேளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தும் கட்டாதது, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை வராதது, ஓவர்டைமுக்கு ஒற்றைச் சம்பளம் என்று உண்மையான விஷயங்கள் வெளியே வரும். கேட்டதை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: குறை என்ன, எப்போதிலிருந்து, கையில் என்ன ஆதாரம் இருக்கிறது.

அடுத்தது பிரிக்கும் வேலை. பெரும்பாலான அறிக்கைகள் கோட்டைவிடுவது இங்கேதான். குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை எல்லாம் 200 வார்டு கொண்ட மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் கையில். மாநகரப் பேருந்து, ஆட்டோ கட்டணம், தொழிலாளர் நலவாரியங்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள் மாநில அரசிடம். புறநகர் ரயிலும் பி.எஃப். அலுவலகமும் மத்திய அரசுடையவை. கடற்கரை–கும்மிடிப்பூண்டி தடத்தில் கூடுதல் ரயில் விடுவேன் என்று சட்டமன்ற வேட்பாளர் எழுதினால், விவரம் தெரிந்தவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்.

எம்.எல்.ஏ. கையில் என்னென்ன இருக்கிறது என்பதையும் அறிக்கையிலேயே சொல்லுங்கள்: கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை (துறைவாரியாக நிதி ஒதுக்கக் கேட்பது) மீதான விவாதம், தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது), தொகுதி மேம்பாட்டு நிதி. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாவை ஆளுநர் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது. அதனால் "சட்டம் கொண்டுவருவேன்" என்பதைவிட "முதல் மானியக் கோரிக்கையிலேயே இந்தத் தொகையைக் கேட்பேன்" என்பது நேர்மையான வாக்குறுதி. தொகுதி நிதியில் கட்டடம், சாலை போன்ற பணிகள் செய்யலாம், யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது.

இனி எழுதும் முறை. "தூய்மைப் பணியாளரை நிரந்தரமாக்குவோம்" என்பது கோஷம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு போராடியவர்களுக்குக் கோஷம் போதாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் மாநிலச் சட்டம் 1981-லேயே வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவர் விஷயத்தில் முதலாளி யார் என்பதிலேயே வழக்கு இழுக்கும். ஆகவே இப்படி எழுதுங்கள்: "ஒப்பந்தத்தை ரத்து செய்து நேரடி நியமனம் செய்ய நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை கோருவோம். அதுவரை ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டும் வருகைப்பதிவு நகலும் கிடைக்கச் செய்வோம்." இரண்டாவது வரி சிறியதுதான், ஆனால் நாளைக்கு வழக்கு நிற்பது அந்தக் காகிதத்தில்தான்.

ஆட்டோ கட்டணத்துக்கு, 2013-ல் அரசு நிர்ணயித்ததை அளவுகோலாக வையுங்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அன்றைய எரிபொருள் விலையும் இன்றைய விலையும் பக்கத்தில் இருக்கட்டும். பயணி பயப்படாமலிருக்க, மீட்டர் கட்டாயம் என்பதையும் அதே பத்தியில் சேருங்கள்.

தெருவோர வியாபாரிகளுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2014 மத்தியச் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அகற்றக் கூடாது. தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அதை நடைமுறைப்படுத்தக் கேட்டால் போதும். தி.நகர் ரங்கநாதன் தெரு போன்ற கடைவீதிகளில், கடை ஊழியர் உட்காரும் உரிமைக்கு 2021-ல் செய்த திருத்தமும் அப்படித்தான். நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று ஆய்வு நடக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் வகுத்த வழிகாட்டுதல் கட்சிகளிடம் இதைக் கேட்கிறது. சுயேச்சையும் எழுதினால் மதிப்பு கூடும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. வேட்பாளர் தன் காசில் தருவதாகச் சொல்லும் எதுவும், டோக்கன் உட்பட, லஞ்சமாகிவிடும். சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கையே. இரண்டில் எதைச் செய்தாலும் வென்ற தொகுதியே பறிபோகலாம்.

அச்சடிப்பது ஏ4 தாளின் இரு பக்கத்துக்குள் அடங்கட்டும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைந்தால் வயதானவர்கள் மடித்து வைத்துவிடுவார்கள். அச்சகம், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாம் 40 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள் வரவேண்டிய செலவு, முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு வரை தகுதியிழப்பு வரலாம்.

முதல் பிரதியை அச்சகத்துக்கு அனுப்புமுன், கோரிக்கை சொன்ன தொழிலாளர்கள் நான்கைந்து பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுக்கிய வாக்கியங்களைத் திருத்திய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.