பைத்தானா, சி-யா, ஜூலியாவா? உங்கள் லேப்டாப்பிலேயே அளந்து பாருங்கள்

"அண்ணா, கணக்கு போட எந்தக் கணினி மொழி வேகம்?" கடலூரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். 2011 டிசம்பர் 30 அன்று நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட புயலின் போக்கைக் கணிக்கும் வானிலை மாதிரிகளில் பல இன்றும் 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. புயல் வந்து போன பிறகு கணக்கு முடிந்து என்ன பயன்? அதனால் வேகத்தை ஊரார் சொல்லிக் கேட்காமல், ஒரு மாலை உட்கார்ந்து நாமே அளப்போம்.

படி 1: ஒரே கணக்கு

1 − 1/3 + 1/5 − 1/7 என்று ஒரு கோடி உறுப்புகளைக் கூட்டி, விடையை 4-ஆல் பெருக்குங்கள். 3.1415925535 என்று வரும். இந்தக் கூட்டல் நெருங்குவது பை (π) என்ற எண்ணை; அதன் மதிப்பு 3.1415926535. ஏழாவது தசம இடத்தில் 6-க்குப் பதில் 5 வந்தால் உங்கள் நிரல் சரி. கூட்டல், கழித்தல் குறியை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிப் போட்டாலே போதும். ஒரு மொழியில் இப்படிச் செய்துவிட்டு இன்னொன்றில் குறிக்காக −1-இன் அடுக்கைக் கணக்கிடும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போட்டி நியாயமாக இருக்காது.

படி 2: பைத்தான்

சாதாரண ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) போதும். டைம் மாட்யூலில் உள்ள பெர்ஃப் கவுண்டர் என்ற கடிகாரத்தை லூப்புக்கு முன்னும் பின்னும் படித்துக் கழியுங்கள்.

படி 3: சி

அதே லூப்பை சி-யில் எழுதி, ஜி.சி.சி என்ற கம்பைலரில், வேகத்துக்காக நிரலைச் செதுக்கும் ஓ2 ஆப்ஷன் கொடுத்து, கம்பைல் செய்யுங்கள் (அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுங்கள்). பைத்தானைவிடப் பல பத்து மடங்கு வேகம் தெரியும். பைத்தானில் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆப்ஜெக்ட்; ஒவ்வொரு கூட்டலிலும் "நீ என்ன வகை?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலை நடக்கும். சி-யில் அந்தக் கேள்வி கம்பைல் ஆகும்போதே முடிந்துவிடுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "சி-க்கு 0 விநாடி!" என்று ஒரு மாணவர் ஓடிவந்தார். விடையை அவர் எங்குமே அச்சிடவில்லை. யாருக்கும் வேண்டாத விடைக்கு எதற்கு உழைப்பு என்று கம்பைலர் லூப்பையே தூக்கிவிட்டது. விடையைக் கட்டாயம் அச்சிடுங்கள்.

படி 4: நம்பை

நம்பை என்பது பைத்தானில் எண் கணக்குகளுக்கான நூலகம். ஒற்றைப்படை எண்களை அரேயாக (எண்களின் தொகுப்பாக) எடுத்து, குறியை மாற்றி மாற்றிப் போட்டு, மொத்தமாக வகுத்துக் கூட்டுங்கள். லூப் இப்போது உள்ளே சி-யில் ஓடுகிறது, வேகம் வந்துவிடும். ஆனால் ஒரு கோடி எண்களுக்கு, எண்ணுக்கு 8 பைட் வீதம், ஓர் அரேக்கே 80 எம்.பி. நினைவகம் போகும். கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம், பதற வேண்டாம்.

படி 5: ஜூலியா

2012-இல் வெளிவந்த மொழி. கணக்கை ஒரு ஃபங்ஷனுக்குள் வையுங்கள். ஃபங்ஷனுக்கு வெளியே குளோபல் மாறிகளோடு (நிரல் முழுக்கப் பொதுவான மாறிகளோடு) எழுதினால் வேகம் படுத்துவிடும். முதல் அழைப்பில் கம்பைல் நேரமும் சேர்ந்துகொள்ளும், ஆகவே இரண்டாவது ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சி-க்குப் பக்கத்திலேயே நிற்கும். எழுதுவதோ பைத்தான் போல எளிது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான்.

படி 6: திரும்பத் திரும்ப

ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டி, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் பல லேப்டாப்கள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மத்தியானம் அளந்தால் சூட்டிலேயே சிப் தளர்ந்துவிடும். நான் விடியற்காலையில்தான் அளப்பேன்.

இது முடிந்ததும் 1000-க்கு 1000 அணிகள் (மேட்ரிக்ஸ்) இரண்டைப் பெருக்கிப் பாருங்கள். நீங்கள் சி-யில் எழுதிய மூன்றடுக்கு லூப்பை நம்பை முந்திவிடும். அது பெருக்கலை பிளாஸ் என்ற நன்கு தீட்டப்பட்ட நூலகத்திடம் ஒப்படைக்கிறது. பிறகு சி நிரலில் உள்ளிருக்கும் இரண்டு லூப்களை மட்டும் இடம் மாற்றி ஓட்டுங்கள். சி அணியை கிடை வரிசை வரிசையாக (ரோ) நினைவகத்தில் அடுக்குகிறது என்பது அந்த நேர வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும்; ஃபோர்ட்ரானோ நெடு வரிசை வரிசையாக (காலம்) அடுக்கும்.