ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ரத்தசோகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆள் வீட்டில் இருப்பார், அப்போது கர்ப்பப்பை ஆபரேஷனையோ குடலிறக்க ஆபரேஷனையோ வைத்துக்கொள்ளலாம் என்று பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு குடும்பம் நினைத்தால், நல்ல யோசனைதான். ரத்தப் பரிசோதனையையும் ஏப்ரலுக்கே விடுவதுதான் தவறு. ஆஸ்பத்திரியில் சேரப்போகும் அன்று ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) 8 கிராம் என்று வந்தால், தேதி தள்ளிப்போகலாம், இல்லை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 என்ற அளவுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையால் அளவு ஏற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மார்ச் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் நல்ல சாப்பாடுதான். மீனில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். ஆனால் 8ஐ 12 ஆக்க இவை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதை டீயோடும் பாலோடும் விழுங்கினால் பாதி வீண். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் பலன் உண்டு. நாள் குறைவாக இருந்தால் இரும்புச்சத்தை டிரிப்ஸாக ஏற்றலாம். இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது, ரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்காமலே மாத்திரை போடுவது. பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகம் போகிறதா? மூலத்தில் ரத்தம் கசிகிறதா? மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையால் வயிற்றில் புண் வந்திருக்கலாம். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். வயதான ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் குடலையும் பார்த்தாக வேண்டும், அது புற்றுநோயின் முதல் அடையாளமாகக்கூட இருக்கலாம். சிலருக்கோ குறை இரும்பில் இல்லை, பி12இலோ சிறுநீரகத்திலோ இருக்கும். ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று தெரியும்.

ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் போடுகிறவர்கள் ஆபரேஷனில் வரும் ரத்தப்போக்குக்குப் பயந்து தாமாக நிறுத்தக் கூடாது. அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

ஆபரேஷன் முடிந்ததும் "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க டாக்டர்" என்று சொந்தக்காரர்கள் வற்புறுத்துவது இன்னொரு பழக்கம். ரத்தப்போக்கு இல்லாமல் ஆள் திடமாக இருந்தால், பொதுவாக ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவார்கள். இதயநோய் உள்ளவருக்கு 8. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் உடம்பில் அழற்சி இருப்பதால் மாத்திரை சரியாகச் சேராது, அப்போது டிரிப்ஸ் உதவும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அளவு சரியான பிறகும், சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.