பிடிஎஃப்பைத் திரையில் வாசிப்பதா, பிரிண்ட் எடுப்பதா: நான் செய்யும் முறை

போன வருடம் 186 பக்கப் பாடக்குறிப்பு ஒன்றை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொம்யூனிகேஷனில் (பிரிண்ட், போட்டோகொப்பி எடுக்கும் கடை) முழுதாகப் பிரிண்ட் எடுத்தேன். சுருள் கம்பி, முன்னுக்குப் பிளாஸ்டிக் மட்டை, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பரீட்சை முடிந்த அன்று புரட்டிப் பார்த்தால் பென்சில் பட்ட பக்கங்கள் மொத்தம் 41. மிச்சம் 145 பக்கமும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. அதற்கு முந்தின தவணை நேர்மாறு. எல்லாவற்றையும் போனிலேயே வாசித்து, இரவு பதினொரு மணிக்கு ஒரே பந்தியை நாலாம் தரம் வாசித்துக்கொண்டு, ஒன்றும் ஏறாமல் படுத்துவிடுவேன்.

இரண்டு பக்கமும் அடிவாங்கிய பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பேனா வைக்கப்போகும் பக்கத்துக்கு மட்டும்தான் தாள், மற்றதெல்லாம் திரை. கீழே இருப்பது அதைச் செய்யும் வழி. பைலை எப்படித் தரவிறக்குவது, பிரிண்டரை எப்படிக் கொழுவுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும்.

1. முதலில் பைலைப் பிரியுங்கள்

வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியை (அரச அறிவித்தல் இதழ்) யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதில்லை. நமக்கு வேண்டியது ஒரு பதவி வெற்றிடம், அதன் முடிவுத் திகதி, அவ்வளவுதான். சுற்றறிக்கை, விலைப்பட்டியல், மெஷினோடு வரும் கையேடு எல்லாம் இந்த இனம். தேடிப் பார்த்துவிட்டு மூடுகிறவை, திரையே போதும். கதை, நாவலும் அப்படித்தான். 2018இல் 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. தகவல் சார்ந்த எழுத்தில், அதுவும் நேரம் குறித்து வாசிக்கும்போது, தாளில் வாசித்தவர்களுக்குக் கூடுதலாக விளங்கியிருக்கிறது, கதை வாசிப்பில் அந்த வித்தியாசம் இல்லை. என் அனுபவமும் அதேதான், பாடக்குறிப்புக்குத் தாள் வேண்டும், துப்பறியும் கதைக்கு வேண்டாம்.

நான் தாளில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் இன்னொன்று, நானே எழுதியதைப் பிழை திருத்துவது. 'ா' போடவேண்டிய இடத்தில் 'ர' விழுந்திருந்தால் திரையில் கண் அதை மன்னித்துவிட்டுப் போய்விடும், தாளில் பளிச்சென்று தெரியும்.

2. இரண்டு நிமிடச் சோதனை (இதை விட்டதால்தான் நான் மாட்டினேன்)

திரையில் வாசிப்பதன் முழு லாபமே தேடல்தான். ஆனால் நம் ஊர்த் தமிழ்ப் பைல்கள் பலவற்றில் தேடல் வேலை செய்யாது. ஏன் என்று பார்க்க, ஒரு வரியைத் தெரிவுசெய்து கொப்பி பண்ணி, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

தமிழாகவே வந்தால் அது யுனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை), அதிர்ஷ்டம், அடுத்த படிக்குப் போங்கள்.

ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது, எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. நீங்கள் யுனிகோடில் 'விண்ணப்பம்' என்று தேடினால் கணினிக்கு அப்படி ஒரு சொல்லே அந்தப் பைலில் இல்லை. நான் ஒரு முழு மாலை நேரத்தை இப்படித் தொலைத்தேன். 'ஓய்வூதியம்' என்று ஒரு சுற்றறிக்கையில் தேடி, இல்லை என்று வந்ததால் அந்த விஷயமே அதில் இல்லை என்று முடிவுகட்டி, மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். அது நாலாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. இப்படிப் பைல் என்றால் எழுத்துகளை முழுதாகக் கொப்பி பண்ணி, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யுனிகோடுக்கு மாற்றி, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுவது அதில், வாசிப்பது மூலத்தில்.

ஒன்றையுமே தெரிவுசெய்ய முடியாவிட்டால் அது வெறும் படம், ஸ்கேன். நூலகம் என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய இதழ்கள் பெரும்பாலும் இப்படித்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். பழைய அச்சில் பிழை வரும், ஆனாலும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போதும்.

3. திரையைச் சரிசெய்வது

வின்டோஸில் சுமாத்ரா என்ற பிடிஎஃப் வாசிக்கும் மென்பொருள். சின்னது, கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும், கணக்குத் தொடங்கு என்று நச்சரிக்காது. லினக்ஸ் என்றால் ஒக்யுலர், அதில் ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் சின்னத் திரையிலும் எழுத்து பெருக்கும். போனில் ரீட்எரா. உலாவியிலேயே வாசிப்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை, ஆனால் பக்கத்து டாபில் வட்ஸ்அப் திறந்திருக்கும்வரை அது வாசிப்பு இல்லை.

போனை நிமிர்த்திப் பிடித்து ஏ4 பக்கத்தை வாசிக்காதீர்கள். படுக்கப் போட்டு, அகலத்துக்குப் பொருத்தி, மேலிருந்து கீழே நகர்த்துங்கள். இடம் வலமாக இழுத்து இழுத்து வாசிப்பதுதான் ஆளைக் களைக்க வைப்பது.

வாசிக்கும்போதே ஒரு துண்டுத் தாளில் பக்க எண் குறித்துக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்தில் கை பென்சிலைத் தேடுகிறதோ அதுதான் பிரிண்ட் எடுக்கும் பக்கம். கவனம்: குறிக்கவேண்டியது மென்பொருள் காட்டும் எண், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண் அல்ல. முன்னுரை எட்டுப் பக்கம் இருந்தால் இரண்டும் எட்டால் விலகும், பிழையான பக்கங்களுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள்.

4. கடைக்குக் கொண்டுபோகும் பைல்

வேர்ட் பைலைக் கொண்டுபோகவே வேண்டாம். நான் பாமினியில் அடித்த ஒன்றைக் கொண்டுபோனேன், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கூட்டம், நானும் திரையைப் பார்க்கவில்லை. தம்பி அழுத்திவிட்டான், 40 பக்கம் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக வந்து விழுந்தது. "இது என்ன பாஷை அக்கா?" என்று கேட்டான். யுனிகோட் என்றாலும் சில கணினிகளில் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டால் எழுத்துரு உள்ளேயே பதிந்து வந்துவிடும்.

வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டொக்கியுமெண்ட் ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கிவிடும். அடையாள அட்டை, வங்கிக் கூற்று மாதிரி ஏதும் அனுப்பினால், வேலை முடிந்ததும் அவர்களின் போனிலும் கணினியிலும் அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை நில்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. கைப்புத்தகமாக அடிப்பது

ஏ4 தாளை மடித்தால் இரண்டு ஏ5. அப்படி அடித்தால் ஒரு தாளில் நாலு பக்கம் நிற்கும். என் 41 பக்கமும் 11 தாளில் முடிந்திருக்கும். முழுதையும் இரண்டு பக்கமும் அடித்தபோது 93 தாள்.

முதலில் ஓரத்தை வெட்ட வேண்டும். ஏ4 ஏ5 ஆகும்போது எல்லாம் 71 வீதத்துக்குச் சுருங்கும், 12 புள்ளி எழுத்து 8.5க்கு இறங்கிவிடும். ஆங்கிலம் தப்பும், நம் 'ணூ' வும் 'றூ' வும் புள்ளியாகத்தான் தெரியும். பிரிஸ் என்ற இலவச மென்பொருள் எல்லாப் பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் காட்டும், பெட்டியை இழுத்து வெள்ளை ஓரத்தை வெட்டினால் 9க்கு மேல் நிறுத்தலாம்.

பிறகு அடோபி ரீடரில் பிரிண்ட் பெட்டியைத் திறந்து, பக்க எண்களைக் கொடுத்து, 'புக்லெட்' தெரிவை அழுத்துங்கள். பக்கங்களை அதுவே அடுக்கும். எட்டுப் பக்கம் என்றால் முதல் தாளின் வெளியே 8ம் 1ம், உள்ளே 2ம் 7ம். இரண்டாம் தாளில் 6ம் 3ம், மறுபக்கம் 4ம் 5ம். நம்பிக்கை வராவிட்டால் இரண்டு துண்டுத் தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள், நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

இனித்தான் கண்டம். இரண்டு பக்கமும் அடிக்கும்போது 'நீண்ட விளிம்பா, குறுகிய விளிம்பா' என்று பிரிண்டர் கேட்கும். சாதாரண ஏ4 பக்கங்களை நீண்ட விளிம்பில், புத்தகம் புரட்டுவது போலத் திருப்புகிறோம். கைப்புத்தகத்தில் தாள் படுத்துக் கிடக்கிறது, அதனால் குறுகிய விளிம்பு வேண்டும். நான் வழக்கம் போல நீண்டதை விட்டேன். மடித்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளிலும் ஒரு முகம் நேராக, மறுமுகம் தலைகீழாக. பேருந்தில் வாசிக்கலாம் என்று எடுத்தது, பம்பலப்பிட்டி வருவதற்குள் புத்தகத்தை எத்தனை தரம் சுற்றினேன் என்று பக்கத்தில் இருந்த அம்மாவுக்குத்தான் தெரியும். ஆகவே முதல் நாலு பக்கத்தை மட்டும் ஒரு தாளில் அடித்து, மடித்து, பார்த்த பிறகு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நடுவில் ஊசி அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. அதை விரித்து, தாளுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வைத்துக் குத்துங்கள், பின்னால் நீட்டும் கம்பியைக் கரண்டியால் மடக்குங்கள். பதினைந்து தாளுக்கு மேல் என்றால் இரண்டு புத்தகமாகப் பிரிப்பது நல்லது, ஒன்றாக மடித்தால் உள் தாள்கள் வெளியே பிதுங்கும்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. சரி, திரைக்கு மாறுவோம் என்று பார்த்தால் அதே மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. அந்த வாரம் மடிகணினி உயிர்விட்ட பிறகு மெழுகுதிரியில் வாசிக்க முடிந்தது ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு கைப்புத்தகம் மட்டும்தான்.

பிற்சேர்க்கை

இரண்டு பக்கமும் தானாக அடிக்காத வீட்டுப் பிரிண்டருக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புக்லெட் பெட்டியிலேயே 'முன்பக்கம் மட்டும்', 'பின்பக்கம் மட்டும்' என்று இருக்கும். முன்பக்கங்களை அடித்து, தாள்கட்டை அப்படியே திரும்ப வைத்துப் பின்பக்கங்களை அடிக்க வேண்டும். எந்த முகம் மேலே, எந்தத் தலை உள்ளே என்பது ஒவ்வொரு பிரிண்டருக்கும் வேறு. ஒரு வெற்றுத் தாளின் மேல்முகத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு விட்டு, அச்சு எந்த முகத்தில், எந்தத் திசையில் விழுகிறது என்று ஒருக்கா பாருங்கள். அதை ஒரு துண்டில் எழுதிப் பிரிண்டர் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

ஸ்கேன் பக்கங்கள் சாம்பல் நிறமாக வருகிறது, மை குடிக்கிறது என்று இன்னொருவர். பழுப்பேறிய தாளையும் பிரிண்டர் படமாக எடுத்து அச்சடிப்பதால் வருவது அது. பக்கங்களைப் படங்களாக எடுத்து, ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள், பொறுமை இல்லாவிட்டால் கடையில் வெளிச்சத்தைக் கூட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அரச வேலை விண்ணப்பப் படிவத்தைக் கைப்புத்தகமாக அடித்துவிட்டேன் என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். ஐயோ, வேண்டாம். எந்த அளவுத் தாள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று அந்த அறிவித்தலிலேயே இருக்கும். படிவத்தைச் சுருக்காமல், 'உள்ள அளவில்' என்று போட்டு அப்படியே அடியுங்கள்.