'விரும்பினால் எழுதலாம்' என்ற கட்டுரைக் கேள்வி வந்தால்

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் விண்ணப்பங்களில் இப்படி ஒரு கேள்வி இருந்தால் நம்ம பிள்ளைகள் ஒன்று யோசிக்காமலே அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் பிரதான கட்டுரையையே கொஞ்சம் மாற்றித் திரும்பவும் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். விண்ணப்பத்தை மேலிருந்து கீழே ஒருக்கா வாசித்து, பெறுபேறும் சான்றிதழும் சொல்லாத ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

உயர்தரம் இரண்டாம் தடவை எழுதினீர்களா, அம்பாறைப் பக்கம் பெரும்போக அறுவடைக்கு அப்பாவோடு வயலில் நின்றதால் பாடசாலை வரவு குறைந்ததா, வாகரையிலிருந்து டியூஷனுக்காக மட்டக்களப்பு டவுனுக்கு பஸ்ஸில் போய் வந்தீர்களா, அதை எழுதுங்கள், அதுவும் 'கஷ்டப்பட்டேன்' என்று பொதுவாக இல்லாமல் எத்தனை மணிக்கு பஸ் ஏறினீர்கள், வீடு வந்து எப்போது புத்தகத்தைத் திறந்தீர்கள் என்று. (2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் சுனாமியில்தான் தொடங்குகிறார்கள்; வீட்டில் அதன் பாதிப்பு உண்மையாக இருந்தால் மட்டும் சரி.)

இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணிக்கும் புள்ளி), மாவட்ட நிலை (மாவட்டத்தில் எத்தனையாவது இடம்) எல்லாம் வெளிநாட்டவருக்கு விளங்காது. அதை இரண்டு வரியில் விளக்கவும் இந்த இடம் உதவும்.

அந்தப் பாடநெறியை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் கட்டாயக் கேள்வியாகவே எடுங்கள். சொல்ல ஒன்றுமே இல்லையா, வெறுமையாக விடுங்கள், வாசிப்பவருக்கு இன்னும் எத்தனையோ விண்ணப்பம் கிடக்கும்.