பத்து சென்ட் மனைக்கு ஒரு பக்கம் எத்தனை அடி? வர்க்கமும் வர்க்கமூலமும்

காட்பாடிப் பக்கம் மனை பார்க்கப் போனால் புரோக்கர் "பத்து சென்ட் சார், சரிசதுரமா இருக்கு" என்பார். சுற்றிக் கம்பிவேலி போட எத்தனை அடி ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். அதற்குத்தான் வர்க்கமூலம் வேண்டும். பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

முதலில் வர்க்கம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். 7 அடிக்கு 7 அடி தரைக்கு ஓரடி டைல்ஸ் 49 பிடிக்கும், ஆக 7-இன் வர்க்கம் 49. 1 முதல் 20 வரை மனப்பாடம் செய்துவிடுங்கள், அதற்கு வேறு வழி இல்லை.

5-இல் முடியும் எண் என்றால் சுலபம். 65-க்கு, 6-ஐ அடுத்த எண்ணான 7-ஆல் பெருக்கி 42, பின்னால் 25 ஒட்டினால் 4225. சரி, 66-க்கு? மறுபடி பெருக்க வேண்டாம், 4225-உடன் 65-ஐயும் 66-ஐயும் கூட்டினால் 4356. ஏன் என்று புரிய, கட்டம் போட்ட நோட்டில் 4-க்கு 4 சதுரம் வரைந்து அதை 5-க்கு 5 ஆக்கிப் பாருங்கள்: ஒரு ஓரத்தில் 4 கட்டம், பக்கத்து ஓரத்தில் மூலையையும் சேர்த்து 5 கட்டம் ஒட்ட வேண்டியிருக்கும்.

வர்க்கமூலம் இதற்குத் தலைகீழ். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, பத்து சென்ட் 4356. (விடை மேலேயே இருக்கிறது, ஆனால் தெரியாத மாதிரி போட்டுப் பார்ப்போம்.)

வலது பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள்: 43 | 56. இடமிருந்து பிரித்தால் 15129 மாதிரி எண்ணில் மாட்டிக்கொள்வீர்கள், அது 1 | 51 | 29.

43-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 36, அதனால் விடையின் முதல் இலக்கம் 6. மீதி 7, பக்கத்தில் 56-ஐ இறக்கினால் 756.

இப்போது 6-ஐ இரட்டிப்பாக்கி 12 என்று எழுதுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 12-க்குப் பின்னால் ஓர் இலக்கம் போட்டு, வரும் எண்ணை அதே இலக்கத்தால் பெருக்கினால் 756-ஐத் தாண்டக் கூடாது. 126 × 6 = 756, மீதி இல்லை. ஒரு பக்கம் 66 அடி, வேலி சுற்றிலும் 264 அடி. இப்படி முழுசாக வந்தது தற்செயல் இல்லை, நிலம் அளந்த பழைய சர்வே சங்கிலியின் நீளமே 66 அடி, அதைப் பக்கமாக வைத்த சதுரம்தான் பத்து சென்ட்.

2, 3, 7, 8-இல் முடியும் முழு எண்ணுக்கு வர்க்கமூலம் ஒருபோதும் முழு எண்ணாக வராது. அப்போது தோராயம் போதும். ஒரே ஒரு சென்ட் சதுரத்தை எடுங்கள், 435.6. அருகில் இருப்பது 21-இன் வர்க்கம் 441, நமக்கு 5.4 குறைகிறது. அதை 21-இன் இரட்டிப்பான 42-ஆல் வகுத்தால் சுமார் 0.13, அதை 21-இல் கழித்தால் 20.87 அடி. மனை அளக்க இது தாராளம்.

அப்புறம், 30-க்கு 40 மனையில் கடைக்கால் தோண்டும் முன் மேஸ்திரி ஏன் குறுக்கே டேப் பிடிக்கிறார்? 900-உம் 1600-உம் சேர்ந்து 2500, அதன் வர்க்கமூலம் 50. குறுக்களவு 50 அடி வராவிட்டால் மூலைமட்டம் சரியில்லை, நூலை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள்.