நேற்றே திருடியாகிவிட்டது: கொள்ளைக் கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் புதியவர்கள் மூவர் தங்கள் திரைக்கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றுமே நகைச்சுவை கலந்த கொள்ளைக் கதைகள். ஏழெட்டுப் பெரிய நடிகர்களை மனத்தில் வைத்து எழுதியவை. இருபது வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே பள்ளங்களில் மூவரும் வரிசையாக விழுந்திருந்தார்கள். வசனம் நீள்வது, காட்சி எண் குழம்புவது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. நாலாவது பிரதியில் அவை தாமாகச் சரியாகிவிடும்.

எல்லோருக்கும் ஒரு காட்சி

பந்தியில் இலை போடுவதுபோல் ஆளுக்கொரு காட்சி பரிமாறாதீர்கள்.

நட்சத்திரங்கள் வந்தால் சிரிப்பும் வரும் என்று நம்புவது

ஸ்டீவன் சோடர்பெர்க் 2001இல் எடுத்த 'ஓஷன்ஸ் லெவன்' என்ற கொள்ளைப் படம் உலகம் முழுக்க ஏறத்தாழ 45 கோடி டாலர் வசூலித்தது. அதே கூட்டத்தோடு 2004இல் 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' வந்தது. ஜார்ஜ் குளூனி, பிராட் பிட், மேட் டேமன், ஜூலியா ராபர்ட்ஸ் போதாதென்று கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸும் வின்சென்ட் கசெலும் சேர்ந்துகொண்டார்கள். வசூல் 36 கோடிதான். நஷ்டமில்லை. ஆனால் முதல் படத்தை ரசித்தவர்களில் பலர் இதைப் பற்றி இன்றும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நடிகர்கள் சுற்றுலா போன இடத்தில் எடுத்த படங்களின் ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அவர்கள் சிரிக்கிறார்கள், நாம் வேடிக்கை பார்க்கிறோம். போதாக்குறைக்கு, பாதிக் கூட்டம் முக்கியமான நேரத்தில் சிறையில் உட்கார்ந்திருக்கிறது.

முன்பே திருடி முடித்துவிட்டு, பிறகு சொல்வது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'ஓஷன்ஸ் ட்வெல்வ்' படத்தில் திருட வேண்டிய பொருள், ரோம் நகர அருங்காட்சியகத்துக்கு வரும் ஃபேபெர்ஷே முட்டை, அதாவது ரத்தினம் பதித்த அலங்கார முட்டை. முதல் படத்தில் பறிகொடுத்த 16 கோடி டாலரை வட்டியோடு கேட்கிறான் சூதாட்ட விடுதி முதலாளி. கெடு இரண்டு வாரம். போட்டிக்கு இன்னொரு திருடனும் இருக்கிறான். வேறு வழியில்லாமல் நாயகனின் மனைவி டெஸ்ஸை, 'நடிகை ஜூலியா ராபர்ட்ஸ்' என்று வேடம் போட்டு உள்ளே அனுப்புகிறார்கள். டெஸ்ஸாக நடிப்பதே ஜூலியா ராபர்ட்ஸ்தான்! புரூஸ் வில்லிஸ் அவராகவே எதிரில் வந்து நிற்க, அவள் நடுங்குகிறாள். நல்ல நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் என்ன சொல்கிறார்கள்? முட்டை அருங்காட்சியகத்துக்கு வருமுன்பே, ரயிலில் ஒருவனுடைய முதுகுப் பையிலிருந்து அதைத் திருடியாகிவிட்டதாம். நாம் பதறியதெல்லாம் போட்டித் திருடனை ஏமாற்ற ஆடிய நாடகமாம்.

முதல் படமும் மறைத்ததே என்பீர்கள். மறைத்தது. ஆனால் அதில் பாதாளப் பெட்டகத்தின் மாதிரியை அவர்கள் கட்டுவதை நாம் கண்ணால் பார்த்தோம். ஒத்திகைக்கு என்று நினைத்துக்கொண்டோம். அங்கே எடுத்த காட்சியைத்தான் முதலாளியின் கண்காணிப்புத் திரையில் ஓட்டினார்கள் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம். பார்த்ததன் பொருளை அங்கே மறைத்தார்கள். இங்கே நடந்ததையே மறைத்துவிட்டார்கள். முன்னதில் ஏமாந்தவன் நான். பின்னதில் நான் ஏமாறவில்லை, ஏமாற்றப்பட்டேன்.

இந்த ஞானம் எனக்கு அன்று இல்லை. அந்த வித்தையில் மயங்கி, கல்யாண மண்டபத்தில் நகைப் பெட்டி திருடும் கதை ஒன்றை எழுதினேன். வடபழனியில் ஒரு தயாரிப்பாளரிடம் இரண்டரை மணி நேரம் கதை சொன்னேன். மனிதர் இடைவேளைக்கு முன்பே கைதட்டினார். தேநீர் கொண்டுவந்த பையன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். கிளைமாக்ஸில், "நகை முந்தின ராத்திரியே கைமாறிவிட்டது" என்று நான் பெருமையாக நிமிர்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியென்றால் இவ்வளவு நேரம் நான் எதற்காகப் பதறினேன், தம்பி?" என்றார். மேசைமேல் எடுத்து வைத்திருந்த காசோலை இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. பையன் தட்டை எடுத்துக்கொண்டு எப்போது போனான் என்றே தெரியவில்லை.

நகை கைமாறிய அந்த இரவில், மணப்பெண்ணின் பாட்டி பெட்டியைத் தூக்கிப் பார்த்து "கனம் குறைந்தாற்போல் இருக்கிறதே" என்று முனகுவதாக ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எல்லோரும் கிழவியின் புலம்பல் என்று சிரித்துவிட்டுக் கடந்திருப்பார்கள். அந்த ஒரு வரி ஆறு வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

திட்டம் பிசகாமல் நடப்பது

பிசகினால்தான் சிரிப்பு. மாரியோ மோனிசெல்லியின் 1958ஆம் ஆண்டு இத்தாலியப் படத்தில் பாடுபட்டுச் சுவரை உடைப்பவர்கள், அது தவறான சுவர் என்று கண்டுகொண்டு, சமையலறையில் உட்கார்ந்து கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவைச் சாப்பிடுகிறார்கள்.

பொருளின் விலையை மட்டும் சொல்வது

யாருக்கு அது ஏன் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

அந்த மூன்று பிரதிகளில் ஒன்றின் 94ஆம் பக்கத்தில் "முந்தைய இரவு" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, வடபழனி அலுவலகத்துக்கு வழி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.